உபயம்: வெள்ளியங்கிரி, கேட்டி, டெக்ஸாஸ்

ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி காலை பத்து மணிக்குத் தொடங்கும். பிள்ளைகளை உள்ளே விட்டால் பன்னிரண்டுக்குத்தான் வெளியே வருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பெற்றோர்கள் சிலர் காய்கறி வாங்கப் போவார்கள், சிலர் மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து தறி ஓட்டுவேன்.

'எட்டுத் தறி' என்பது ஒரு கம்ப்யூட்டர் கேம். பல்லடத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில் மூன்று பேர் சேர்ந்து செய்கிறார்கள். இளமாறன்தான் தலை. அவனுடைய அப்பா சைசிங் மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவர். இவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டு கேம்களுக்கு ஆறு வருஷம் வாள் வரைந்தான். நானூறு வாள் இருக்கும். எந்த வாள் எந்த கேமில் போனது என்று அவனுக்கே தெரியாது. ஒரு நாள் போதும் என்று ஊருக்கு வந்துவிட்டான். படம் வரைய நாகரத்தினம் என்ற பெண், சத்தம் சேர்க்க சபரி. கேம் கம்பெனி என்று சொன்னதும் முதல் இரண்டு கட்டடக்காரர்கள் ரம்மி என்று நினைத்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்களாம். பேக்கரிக்காரர் மட்டும், டீயும் பன்னும் தன்னிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார்.

ஆடுபவர் ஒரு தறிக் குடோனில் எட்டுத் தறி பார்க்க வேண்டும். இழை அறுந்தால் ஓடிப்போய்த் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கரண்ட் போகும், வரும். ஓனர் வந்து கத்துவார். அவ்வளவுதான் கேம். துப்பாக்கி கிடையாது. ஊர்ப் பையன்கள் ஒருத்தனும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்பது இளமாறனுக்கும் தெரியும். அவர்கள் போனில் இலவசமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் வாங்கினால்தான் உண்டு.

இளமாறன் எனக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினான். இழைகள் சீட்டுக் குலுக்கியது போல அறுந்தன. தறியில் அப்படி நடக்காது. சித்திரை மாதத்து வறட்டுக் காற்றில் ஒரு மாதிரி அறும், மழை நாளில் வேறு மாதிரி. கரண்ட் போய்த் திரும்ப வந்த முதல் நிமிஷத்தில்தான் அதிகம் அறும். ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காவிட்டால் பக்கத்து இழைகளையும் அது இழுத்துக்கொண்டு போகும். பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரை நான் தறி ஓட்டியவன். என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, நீங்களே ப்ரோகிராம் எழுதிக் கொடுங்கண்ணா என்றான். எழுதினேன். அந்த கேமில் இழை அறுகிற இடம் முழுக்க என் கை.

அதைச் செய்திருக்கக் கூடாது. நான் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய் கம்பெனியின் விசாவில், ப்ரோகிராம் எழுதும் வேலையில் இருப்பவன். இந்த மண்ணில் கால் வைத்திருக்கும்வரை அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. க்ரீன் கார்டு வரிசையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். மனைவி வாணி ஒரு டேகேரில் பிள்ளை பார்க்கிறாள். அவளுடைய வேலை அனுமதி என் விசாவில் தொங்குகிறது. மகள் வெண்பா இங்கேயே பிறந்தவள், ஆறாம் வகுப்பு. என் விசா அறுந்தால் மூன்று பேரும் போக வேண்டியதுதான். அதனால் முதல் நாளே இளமாறனிடம் கண்டிப்பாகச் சொன்னேன், காசு வேண்டாம், எந்த மூலையிலும் என் பெயர் வரக் கூடாது என்று. சரிங்கண்ணா என்றான்.

மே மாதம் முதல் வாரம் கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில் வந்தது. என் முறை வந்துவிட்டது. படிவங்களை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வாணி சாமி படத்துக்கு முன்னால் மெயிலை அச்சடித்து வைத்தாள். நான் படிவத்தைப் படித்தேன். நடுவில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது அனுமதியில்லாமல் அமெரிக்காவில் வேலை செய்திருக்கிறீர்களா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அன்வர் பாட்சா. ராயப்பேட்டைக்காரர், குழாய் ஆய்வு இன்ஜினியர், இரண்டு வருஷம் முன்பு க்ரீன் கார்டு வாங்கியவர். பக்கத்தில் அவருடைய மகன் ஜாவித், கையில் போனோடு.

"என்ன பாஸ், ஊர்ல ட்யூப்லைட்லாம் வாங்கிக் குடுத்திருக்கீங்க. சொல்லவே இல்ல?"

எனக்குப் புரியவில்லை. ஜாவித் போனைக் காட்டினான். பச்சைத் தலைமுடி வைத்த ஒரு அமெரிக்கப் பெண் 'எட்டுத் தறி' ஆடிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. திரை முழுக்க இருட்டு. கரண்ட் வந்ததும் குடோன் கூரையில் ஒரு ட்யூப்லைட் மூன்று முறை மினுக்கி எரிந்தது. பாதி விளக்கை மறைத்துச் சிவப்புப் பெயின்ட்டில் எழுத்து. மேலே தமிழில், கீழே ஆங்கிலத்தில்: உபயம்: வெள்ளியங்கிரி, கேட்டி, டெக்ஸாஸ்.

அந்தப் பெண் என் பெயரை நாலு துண்டாக உடைத்துப் படித்தாள். யார் இவர், ஏன் விளக்கின் மேலேயே எழுதியிருக்கிறார்கள், வெளிச்சம் எப்படி வரும் என்று சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பும்போதும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரையோரத்தில் வரிசையாக என் பெயரைத் தட்டி அனுப்பினார்கள். கீழே எண் போட்டிருந்தது. நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அமெரிக்காவில் எத்தனை வெள்ளியங்கிரி இருப்பான்? கேட்டியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நான் அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. நான் வேலை செய்யும் பிரதியில் படம் இருக்காது. தறிகள் சாம்பல் நிறப் பெட்டிகளாகத் தெரியும், விளக்கு வெறும் வெள்ளைக் கோடு. அங்கேயே நின்று இளமாறனைக் கூப்பிட்டேன். பல்லடத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம். எதையோ மென்றுகொண்டே எடுத்தான்.

"கிரெடிட்ஸ்ல உங்க பேரைப் போடவே இல்லீங்கண்ணா. நீங்க வேண்டாம்னீங்க, போடல."

"அப்ப இது என்னடா?"

"இது உபயமுங்கண்ணா. கோயில்ல ஃபேன் வாங்கிக் குடுத்தவங்க பேரை எழுதறதில்லீங்களா, அந்த மாதிரி. காசும் வாங்க மாட்டீங்க, பேரும் வேண்டாம்ங்கறீங்க. எங்களுக்கு மனசு கேக்கோணுமல்லோ. நாகுதான் கையால எழுதுச்சு. ரெண்டு நாளாச்சு அதுக்கு."

ஊரை எதற்குப் போட்டாய் என்றேன். ஊர் போடாமல் உபயம் எப்படி எழுதுவது என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை. எங்கள் ஊர் மாகாளியம்மன் கோயிலில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு பாக்கியில்லை, எல்லாவற்றிலும் பெயரும் ஊரும் உண்டு. பெயர் வேண்டாம் என்று சொல்கிறவனுக்குத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது தெரிந்தும் நான் கிரெடிட்ஸில் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன்.

விளக்கை மாற்றச் சொன்னேன். வியாழக்கிழமை மாற்றிவிடுகிறேன் என்றான்.

அன்வர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"டென்ஷனே ஆவாதீங்க பாஸ். உபயம்னா இன்னா? டொனேஷன். டொனேட் பண்றதுக்கு எவன் பர்மிட் கேக்கறான்? அந்த ட்யூப்லைட்டுதான் உங்களுக்கு ப்ரூஃபே. விட்டுடுங்க, எரியட்டும்."

அன்றைக்கு மத்தியானம் நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். வாணியிடம் சொன்னபோது அவள் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நீங்க ஒண்ணும் வாங்கல சரி. அத்தை வீட்டு இன்வெர்ட்டர்?"

எந்த இன்வெர்ட்டர் என்றேன். பொங்கலன்று அவளும் வெண்பாவும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டபோது பார்த்தாளாம். அம்மா வீட்டுக் கூடத்தில், புதிதாக, பேட்டரியோடு. நான் அனுப்பியது என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா தனபாக்கியம் நாற்பது வருஷம் குடோன் குடோனாகத் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றியவள். இப்போது முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறாள். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. நான் கேட்டதும் அம்மா சந்தோஷமாகச் சொன்னாள், அந்தப் பசங்கள்தான் தீபாவளிக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள், தங்கமான பசங்கள் என்று.

"என்னன்னு சொல்லிக் குடுத்தாங்கம்மா?"

"என்ன சொல்றாங்க. அண்ணன் இத்தன நாளு வேலை செஞ்சதுக்குக் கூலி வாங்க மாட்டேங்குது, நீங்களாச்சும் வாங்கிக்கோங்க பெரியம்மான்னாங்க. நானும் செரின்னு வாங்கிட்டேன்."

கூலி. அந்தச் சொல்லைத்தான் நான் மூன்று வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கரண்டு போனா இப்பத்தான் ஃபேன் ஓடுது. அதைக் கழட்டுங்கற. என்ற ஊட்டு ஃபேன் ஓடறது அமெரிக்காக்காரனுக்குக் கண்ணை உறுத்துதா?"

பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். எனக்கு முன்னால் இரண்டு கார் நீளத்துக்குச் சாலை காலியாக இருந்தது.

கம்பெனி வக்கீலிடம் இதைப் பேச முடியாது. அவர் கம்பெனிக்கும் வக்கீல். செவ்வாய்க்கிழமை பல் வலி என்று சொல்லிவிட்டு சுகர் லேண்டில் தனியாக ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். சம்பளம் வாங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பணமாக இல்லாமல் பொருளாக? அம்மா வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். அது கூட இரண்டாம் விஷயம் என்றார். காசு வாங்காமல் செய்தாலும், சாதாரணமாக ஒருத்தனுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிற காரியம் என்றால் அதைக் குடியேற்றத் துறை வேலை என்று எடுத்துக்கொள்ள முடியும். அந்த கேம் கடையில் விற்கிறதா? விற்கிறது. நீங்கள் எழுதியதை வேறு ஒருவர் எழுதியிருந்தால் அவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்களா? கொடுத்திருப்பார்கள். எப்போது எழுதினீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறதா? இருக்கிறது. இளமாறனின் கம்ப்யூட்டர் பதிவேட்டில், ஒவ்வொரு ஞாயிறும் பத்திலிருந்து பன்னிரண்டுவரை, நிமிஷக் கணக்கோடு, என் பெயரில்.

பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரும் அதையேதான் சொன்னார். ஆம் போட்டால், விளக்கம் எழுதி, வாதாடிப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் ஆகலாம், நிராகரிக்கவும் செய்யலாம். இல்லை போட்டு, பிறகு தெரிந்தால், அது பொய். அதற்குப் பிறகு இந்த நாட்டுக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். இரண்டில் எது என்பது உங்கள் கையில் என்றார். வாசல்வரை வந்து, உண்மையிலேயே ஆர்வமாக, கேம் பெயர் என்ன என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

அந்த வாரம் நான் தூங்கியது குறைவு. ஆபீசில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் அவர்கள் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே என்னை 'வெலி' என்பார்கள். ஒருத்தன், வெலி, உன் முழுப் பெயர் என்ன என்று சும்மா கேட்டான். விடுமுறைப் பட்டியல் போடுவதற்குத்தான் கேட்டான். எதற்கு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை இளமாறன் சொன்னபடி விளக்கை மாற்றினான். மாற்றிய மூன்று மணி நேரத்தில் ஜாவித் எனக்கு ஒரு இணைப்பை அனுப்பினான். வெள்ளியங்கிரி எங்கே என்று கேட்டு ஒரு பெரிய கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. அவர் செத்துவிட்டாரா என்று ஒருவர். அவருடைய விளக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று நூறு பேர். கேட்டி பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது அவர் நலமா என்று பார்த்து வரவும் என்று ஒரு புண்ணியவான். இதுவரை விளக்கைக் கவனிக்காதவர்களும் இப்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புதிய விளக்கிலும் எழுத்து இருந்தது. வெறும் விளக்கை மாட்ட இளமாறனுக்கு மனம் வரவில்லை. உபயம்: தனபாக்கியம், பல்லடம்.

நான் அவனைத் திட்டவில்லை. திட்டினால் அடுத்ததாக என் அப்பா பெயரைப் போடுவான்.

வெள்ளிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தோம். வெண்பா மாடியில் இருந்தாள். வாணி எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்தில் தன் தங்கை கல்யாணத்துக்கும் போகவில்லை, தன் அப்பா காரியத்துக்கும் போகவில்லை; போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்காமல் சிக்கிக்கொள்வோம் என்று பயந்து. அவள் சொல்லாமலே எனக்குக் கேட்டது.

எனக்குப் பதின்மூன்று வயதில், குடோனுக்கு ஒரு நாள் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஓனர் சின்னப் பையன்கள் எங்கள் நாலு பேரையும் பாவு உருளை அடுக்கி வைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உருளைகளுக்குப் பின்னால், கஞ்சி நாற்றத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட்டார். யார் இந்தப் பையன்கள், வேலை செய்கிறார்களா என்று கேட்டார். ஓனர் வாய் திறப்பதற்குள், அங்கே தார் சுற்றிக்கொண்டிருந்த என் அம்மாவே சொன்னாள்: "வெளையாட வந்த பசங்க சார். சும்மா வெளையாடிட்டு இருக்கறானுங்க." என் தலை முடியெல்லாம் பஞ்சு. விரல் நுனிகள் முடிச்சுப் போட்டுப் போட்டு வெடித்திருந்தன. இன்ஸ்பெக்டர் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். அரை மணி நேரத்தில் நாலு பேரும் தறிக்குத் திரும்பினோம். ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரச் சாப்பாடு வீட்டுக்கு வந்தது.

அம்மா அன்றைக்குச் சொன்னது பொய்தான். அந்தப் பொய் இல்லாவிட்டால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னவை எல்லாம் உண்மை என்று உறுதி சொல்கிற இடத்தில், பேனா சரியாக எழுதவில்லை. வாணி வேறு பேனா எடுத்து வந்தாள்.

இளமாறனுக்கு ஒரே வரி அனுப்பினேன். இனிமேல் என்னால் முடியாது, கேட்காதே. என் பிரதியை லேப்டாப்பிலிருந்து அழித்தேன். அவனுடைய பதிவேட்டில் இருக்கும் என் ஞாயிற்றுக்கிழமைகளை அழிக்க என்னால் முடியாது. அழிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் அதிலும் ஏதாவது மரியாதை செய்வான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு லேப்டாப் இல்லாமல் போனேன். காரில் உட்கார்ந்து கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பத்தரைக்கு இளமாறன் வீடியோவில் கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டான். நாலாவது முறை எடுத்தேன். மூன்று பேரும் திரைக்குள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெங்களூரில் திங்கட்கிழமை காலை கேம் கண்காட்சி. இரண்டு வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் வருகிறார்கள். கேம் உடைந்துவிட்டது.

"கரண்ட் வந்த நிமிஷம் எட்டுத் தறியும் ஒண்ணா எந்திரிச்சு ஒண்ணா அறுக்குதுங்கண்ணா. யாராலயும் ஆட முடியல. விளக்கு மாத்துனதுக்கப்புறம் இப்படி ஆயிப் போச்சு."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குடோனில் கரண்ட் வருவதை முதலில் சொல்வது ட்யூப்லைட்தான். அது மினுக்கியதும் ஆள் எழுந்து தறிகளை ஒவ்வொன்றாகக் கிளப்புவான். நான் எழுதும்போது தறிகளின் வரிசையை அந்த விளக்கின் மினுக்கலில் கட்டியிருந்தேன். அவர்கள் என் பெயரைக் கழற்றியபோது விளக்கோடு அந்த முடிச்சையும் கழற்றிவிட்டார்கள்.

"அண்ணா, நீங்க எதும் எழுத வேண்டாம். எந்தத் தறி முதல்ல, எது அடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன். எங்க மூணு பேருல ஒருத்தரும் தறி ஓட்டுனதில்ல."

பேசுவது வேலை ஆகுமா என்று யோசித்தேன். சுகர் லேண்ட் வக்கீலிடம் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஒன்று, ஐந்து, இரண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பியது. அது என் தலையில் இல்லை, காலில் இருந்தது. காரைவிட்டு இறங்கினேன். நிறுத்துமிடத்தில் கார்கள் இரண்டு வரிசையாக முகத்தோடு முகம் நின்றன, நடுவில் சந்து. குடோனில் தறிகளும் அப்படித்தான் நிற்கும், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. போனை என் கார் பானெட்டில் சாய்த்து வைத்தேன். அது வழுக்கி விழுந்தது. நடந்துகொண்டிருந்த அன்வர் வந்து எடுத்தார். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டார்.

முதல் தறி ஒரு வெள்ளை டொயோட்டா. அதன் மூலையில் கை வைத்து இழுத்துக் கிளப்புவது போலக் காட்டினேன். அப்படியே திரும்பினால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது, ஒரு மினிவேன். அதைக் கிளப்பிவிட்டு இரண்டுக்குப் போகும்போதே தலையைத் திருப்பி முதல் தறியின் பாவைப் பார்க்க வேண்டும், அறுந்தால் அதுதான் முதலில் அறும். இரண்டு, ஆறு. அங்கே நிற்கக் கூடாது. மூன்றைத் தாண்டி நாலுக்கு ஓட வேண்டும். ஓரத்துத் தறிக்குக் காற்று அதிகம், ஆறவிட்டால் கிளம்பாது. நாலு, எட்டு, பிறகு திரும்பி மூன்று, ஏழு. சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். உள்ளங்கையைத் தட்டி வினாடி காட்டினேன். இன்னொரு தரம் என்றான் இளமாறன். இன்னொரு தரம் ஓடினேன். ஒரு காரின் அலாரம் அடித்தது. குடோனில் அதைவிடப் பத்து மடங்கு சத்தம், நான் நிற்கவில்லை.

மூன்றாவது முறை ஓடி முடித்து மூச்சு வாங்கி நின்றபோது அந்தப் பக்கம் நாகரத்தினம் கையைத் தூக்கினாள். புரிந்துவிட்டது என்றார்கள். இளமாறன் ஏதோ நன்றி சொல்லத் தொடங்கினான். நன்றி வேண்டாம், எங்கேயும் எதையும் எழுதாதே என்று சொல்லி நானே போனை நிறுத்தினேன்.

அன்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா பாஸ் இது, வேலையா?"

"சும்மா" என்றேன். "வெளையாட்டு."

அவர் சிரிக்கவில்லை. அலாரத்தை நிறுத்த அந்தக் கார்க்காரரைத் தேடிப் போனார்.

அப்போதுதான் வெண்பாவைப் பார்த்தேன். வகுப்பு முன்னதாகவே முடிந்து, பள்ளி வாசலில் நின்றிருந்தாள். கையில் போன், என்னை நோக்கி. காருக்குள் ஏறியதும் சிரிப்பை அடக்க முடியாமல், "அப்பா, யூ வேர் ஸோ ஃபன்னி. கேன் ஐ போஸ்ட் இட்?" என்றாள். யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டேன். என் குரல் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். இல்லை என்று தலையாட்டினாள். அழி என்றேன். அழித்துவிட்டு, டன் என்று திரையைக் காட்டினாள்.

வண்டியை எடுத்தேன். சிக்னலில் நிற்கும்போது நினைவு வந்தது. அழித்தது போகாது, முப்பது நாள் வேறொரு பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிவில் என் குரல் இருக்கிறது, பள்ளிப் பெயர்ப் பலகை இருக்கிறது, தேதி இருக்கிறது. அங்கே போய் அதையும் அழி என்றேன். அவள் முகம் சுருங்கியது. தேடித் திறந்தாள். விரல் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் இருந்தது.

"இரு கண்ணு" என்றேன். "ஒரு தடவை காட்டு."

போனை என் பக்கம் நீட்டினாள். நரைத்த தலையோடு ஒருத்தன் கார்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். முதலாவது, ஐந்தாவது, இரண்டாவது. தலை சரியான இடத்தில் திரும்பியது. ஆறிலிருந்து மூன்றைத் தாண்டி நாலுக்கு ஒரே தாவல். முப்பது வருஷம் ஆகியும் கால் ஓரடி கூடத் தப்பவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது.

"இப்ப அழி" என்றேன்.